இளநிலை மாணவரின் ஆய்வேட்டுக்கு எப்படி வழிகாட்டுவது?

கேள்வி இது: புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் உதவிப் பேராசிரியர். நான்காண்டு ஹானர்ஸ் படிப்பின் கடைசி ஆண்டில் ஐந்து மாணவர்களுக்குத் தனித்தனி ஆய்வேடு, ஐந்துக்கும் இவரே வழிகாட்டி. இதுவரை குழு புராஜெக்ட் மட்டுமே பார்த்துப் பழக்கம். ஆய்வு மாணவருடையதாகவும் இருக்க வேண்டும், காலத்தில் முடியவும் வேண்டும். எங்கே கை கொடுப்பது, எங்கே விலகி நிற்பது?

முதலில் நேரக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி நான்காண்டு படிப்புக்கு 160 கிரெடிட். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர் 'ஹானர்ஸ் வித் ரிசர்ச்' போகலாம். அவருடைய ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட். செய்முறை, களப்பணிக் கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 360 மணி நேரம். பெரிதாகத் தெரியும். ஆனால் தலைப்பு தேடுவது, அனுமதி வாங்குவது, கெமிக்கல் வந்து சேர்வது, இன்டர்னல் தேர்வு, பொங்கல் விடுமுறை, எழுதித் திருத்துவது என எல்லாம் போக, அளந்து பார்க்க எஞ்சுவது 120 மணி நேரம் என்றால் அதுவே நல்ல நிலை.

இந்த அளவு நேரத்தில் இளநிலை ஆய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் மாணவரின் அறிவுக் குறைவால் அல்ல. முதல் தரவு தாமதமாக வருவதால்தான். பத்தாவது வாரத்தில் முதல் அளவீடு எடுக்கும் மாணவர், முறையில் பிழை இருப்பதைப் பன்னிரண்டாவது வாரத்தில் கண்டுபிடிப்பார். அப்போது திரும்பிச் செய்ய நாள் இருக்காது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் ஒப்பேற்றல்தான். ஆகவே வழிகாட்டியின் தலையாய வேலை ஒன்றுதான்: தலைப்பு முடிவான நான்கு வாரத்துக்குள் மாணவர் தன் கையால் எடுத்த பத்து எண்களாவது அவருடைய நோட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அந்த எண்கள் மோசமாக இருந்தால் இன்னும் நல்லது; திருத்த நாள் இருக்கிறது.

இதற்குத் தலைப்பைச் சுருக்க வேண்டும். இங்கே நீங்கள் தாராளமாகக் கை கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும். எந்தக் கேள்வி எட்டு மாதத்தில் முடியும் என்பது இருபத்தோரு வயதில் யாருக்கும் தெரியாது. ஒரு மாணவி "ஏரிகளின் மாசு பற்றிச் செய்கிறேன் மேடம்" என்று வருகிறார் என வையுங்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், உங்களிடமுள்ள தலைப்புப் பட்டியலையும் நீட்டாதீர்கள். எந்த ஏரி, அங்கே என்ன பார்த்தாய், எதை அளந்தால் நீ நினைப்பது தவறு என்று தெரியும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் மீன் செத்து மிதந்ததைப் பார்த்தேன் என்பார். அங்கிருந்து, "ஆகாயத்தாமரைப் படலத்துக்கு அடியில் கரைந்த ஆக்சிஜன், பக்கத்துத் திறந்த நீரைவிடக் குறைவா, எவ்வளவு குறைவு?" என்ற கேள்விக்கு வந்து சேரலாம். ஓர் ஏரி, ஒரே அளவீடு, இரண்டு வகை இடம். இது ஏற்கெனவே பலர் பார்த்த விஷயம்தான், பரவாயில்லை. இளநிலை ஆய்வில் புதுமை என்பது இந்த ஏரியில், இந்தப் பருவத்தில், யாரும் அளக்காத எண்ணை நம்பும்படி அளந்து தருவது. அதற்கு மேல் எதிர்பார்ப்பது மாணவரைப் பொய்க்குத் தள்ளும்.

கேள்வி இந்த அளவுக்கு வந்ததும் மாணவரிடம் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள்: கேள்வி, எதை அளப்பேன், எத்தனை இடம், எந்த விடை வந்தால் என் எண்ணம் தவறு. கூடவே ஒரு வெற்று அட்டவணையும் ஒரு வெற்று வரைபடமும் கையால் போட்டுத் தரச் சொல்லுங்கள், அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுதி. அந்த வெற்று வரைபடத்தை வரைய முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம். இது அரை மணி நேர வேலை, இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து, முறை வேலை செய்கிறதா என்று லேபிலேயே பார்ப்பது. கரைந்த ஆக்சிஜனுக்கு விங்க்ளர் முறை (ரசாயனம் சேர்த்து, டைட்ரேட் செய்து அளப்பது) என்றால் ஏரிக்குப் போகும் முன், ஒரு பெரிய பாத்திரத்துத் தண்ணீரிலிருந்து குழாய் வைத்து மூன்று 300 மில்லி பிஓடி பாட்டில் (காற்றுப் புகாத மூடியுள்ள கண்ணாடி பாட்டில்) நிரப்பி, மூன்றையும் மாணவரே டைட்ரேட் செய்யட்டும். மூன்று விடையும் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குள் நெருங்கி வர வேண்டும். வராவிட்டால் களத்துக்குப் போகக் கூடாது. எங்கே தவறும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், சொல்லிவிட வேண்டியதில்லை. மூடியடியில் சிக்கிய காற்றுக்குமிழி அளவைக் கூட்டிக் காட்டும். மாங்கனஸ் சல்பேட், ஆல்கலி அயோடைடு-அசைடு என்ற முதல் இரண்டு மருந்துகளையும் பிப்பெட் முனை நீருக்குள் இருக்கும்படி விடாவிட்டால் தெறித்து அளவு மாறும். டைட்ரேட் செய்யப் போன வருடம் கலக்கிய தயோசல்பேட் கரைசலை வீரியம் பார்க்காமல் எடுத்தால் எல்லா எண்ணும் ஒரே பக்கமாகச் சாயும். 0.025 நார்மல் தயோசல்பேட்டில் 200 மில்லி மூல நீருக்குச் சமமான அளவை டைட்ரேட் செய்தால் செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். பியூரெட்டைப் படித்ததும் விடை தெரியும். ஆகவே மாணவருக்கு அங்கேயே சந்தேகப்படப் பழக்குங்கள். 30 டிகிரி வெப்பநிலையில் நன்னீர் காற்றோடு சமநிலையில் இருந்தால் சுமார் 7.5 மில்லிகிராம்தான் இருக்கும். காலை ஏழு மணிக்கு 11 வருகிறது என்றால் முதலில் குமிழியைச் சந்தேகிக்க வேண்டும். பாசி நிறைந்த நீரில் மதியம் 11 வந்தால் அது உண்மையாகவே இருக்கலாம்.

இன்னொன்று. படலத்துக்கு அடியில் எடுத்த நீரில் மருந்து விட்டதும் பழுப்பு வண்டலுக்குப் பதிலாக வெள்ளை வண்டல் படியலாம். மாணவர் பயந்துபோய் "ரீஏஜென்ட் கெட்டுவிட்டது" என்று பாட்டிலைக் கொட்டிவிடுவார். வெள்ளை வண்டல் என்றால் அந்த நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை என்று பொருள். ஆய்வின் மிக முக்கியமான தரவே அதுதான். இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "எதிர்பாராதது வந்தால் கொட்டாதே, எழுதிவை, படம் எடு, எனக்குக் காட்டு" என்பது எந்தத் துறைக்கும் பொருந்தும்.

மாதிரி எடுக்கும் திட்டத்தில்தான் வழிகாட்டி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். மாணவர்கள் இயல்பாகச் செய்வது: கரையோரமாகக் கைக்கெட்டும் ஒரு படலத்தில் 18 பாட்டில், பக்கத்துத் திறந்த நீரில் 18 பாட்டில், மொத்தம் 36. இதில் 36 தரவு இல்லை. ஒரு படலமும் ஒரு திறந்த இடமும்தான் இருக்கின்றன. பாட்டில்கள் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்திருக்கின்றன. 1984-இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 'சூடோரெப்ளிகேஷன்' என்று பெயர் வைத்துக் காட்டிய பிழை இது. இன்றும் ஆய்வேடுகளில் அதிகம் காணப்படும் பிழைகளில் ஒன்று. சரியான வழி, செயற்கைக்கோள் படத்தில் படலங்களுக்கு எண் போட்டு, சீட்டுக் குலுக்கி 12 படலம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து மீட்டர் தள்ளித் திறந்த நீரில் ஓர் இடம் என 12 ஜோடி அமைப்பது. ஒவ்வோர் இடத்திலும் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு பாட்டில், அவற்றின் சராசரி ஓர் எண். நேரம் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள், ஒரு நாளைக்கு மூன்று ஜோடி. வெயில் ஏற ஏற ஆக்சிஜன் கூடும் என்பதால் ஒரு ஜோடியில் படலத்தை முதலில் எடுத்தால் அடுத்த ஜோடியில் திறந்த நீரை முதலில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நேரத்தின் விளைவு படலத்தின் விளைவாக வேஷம் போடும்.

கணக்கு முறையும் தரவு எடுக்கும் முன்பே எழுதி நோட்டில் இருக்கட்டும். 12 ஜோடிகளின் வித்தியாசம், அதற்கு ஜோடி டி-சோதனை (வித்தியாசம் வெறும் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை). ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுங்கள்: வித்தியாசத்தின் சராசரி 1.8, திட்ட விலக்கம் 1.5 என்றால் நியமப் பிழை 1.5-ஐ 12-இன் வர்க்கமூலத்தால் வகுக்க 0.43, டி மதிப்பு சுமார் 4.2. கட்டின்மைப் பாகை (ஜோடிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 11-க்கு 5 சதவீத அளவில் எல்லை 2.20; டி அதைத் தாண்டுகிறது. ஆக வித்தியாசம் உண்டு. இதையே ஒவ்வோர் இடத்திலும் மூன்று பாட்டில் எடுத்து 36 ஜோடி என்று பொய்யாகக் கணக்கிட்டால் நியமப் பிழை 0.25 ஆகச் சுருங்கிவிடும். இல்லாத துல்லியம் கிடைத்ததாகத் தெரியும். இதை ஒரு முறை தன் கையால் போட்டுப் பார்த்த மாணவர் வாழ்நாளில் மறக்க மாட்டார்.

பருவத்தையும் மறக்கக் கூடாது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நீர்மட்டம் ஏறும், படலம் அடித்துக்கொண்டு போகும், ஏரிக்கு உள்ளே இறங்கவும் முடியாது. அதனால் ஏழாவது செமஸ்டரில் ஆகஸ்ட், செப்டம்பருக்குள் லேப் சோதனையும் இரண்டு மூன்று ஜோடி முன்னோட்டமும். மழை மாதங்களில் வாசிப்பும் முறையியல் எழுதுவதும். பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசிக்குள் முழு மாதிரி சேகரிப்பு. ஆய்வேட்டை எட்டாவது செமஸ்டரில் "தொடங்குவது" என்றால் இது எதுவும் நடக்காது. ஊசுடு ஏரி போலப் பறவைகள் சரணாலயமான இடம் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கடிதம் மாதக்கணக்கில் நிற்கலாம், ஆகவே முதல் வாரமே கல்லூரி வழியாக அனுப்பிவிடுங்கள். வேறு ஏரி என்றாலும் பொறுப்பிலுள்ள துறையிடம் எழுத்தில் கேட்பது நல்லது. மனிதர்களிடம் கேள்வித்தாள், நேர்காணல் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தரவு எடுக்கும் முன்பு வாங்கப்பட வேண்டும். பின்தேதியிட்டு வாங்க முடியாது.

பாதுகாப்பு முழுக்க வழிகாட்டியின் பொறுப்பு, மாணவரிடம் விடக்கூடாது. தனியாக ஏரிக்குள் இறங்கக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும், உயிர்காப்பு உடை கட்டாயம். அடர் கந்தக அமிலத்தை டூவீலரில் எடுத்துப் போக விடாதீர்கள். களத்தில் முதல் இரண்டு மருந்துகளை மட்டும் சேர்த்து வண்டலைப் படியவைத்து, மூடியைச் சுற்றி நீர் நிற்கும்படி வைத்து, இருட்டில் கொண்டுவந்து, அன்றே லேபில் அமிலம் சேர்த்து டைட்ரேட் செய்யலாம். அசைடு நச்சு, கழிவைத் தனி கேனில் சேர்க்க வேண்டும், சிங்கில் ஊற்றக் கூடாது.

வாராந்தரச் சந்திப்புக்கு வருவோம். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். "எப்போது வேண்டுமானாலும் வா" என்று சொன்னால் தயங்குகிற மாணவர் வரவே மாட்டார். தைரியசாலி மட்டும் வந்துகொண்டிருப்பார். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவரையே இழந்துவிடுவீர்கள். மாணவர் ஒரே பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும்: என்ன செய்தேன், என்ன கிடைத்தது, எங்கே நிற்கிறேன், அடுத்த வாரம் என்ன. ஒன்றும் நடக்காத வாரத்திலும் "ஒன்றும் நடக்கவில்லை, காரணம் இது" என்று எழுதி வரட்டும். அதற்குத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த வாரம் பொய் வரும். சந்திப்பில் முதல் பத்து நிமிடம் அவர் பேசட்டும். பிறகு ஆய்வுக் குறிப்பேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். அது பைண்டு செய்த நோட்டாக இருக்க வேண்டும், பக்க எண் போட்டு, பேனாவால், தேதியோடு. தப்பை ஒரே கோடாக அடிக்கலாம், ஒயிட்னர் கூடாது, துண்டுச் சீட்டும் கூடாது. கணினியில் மூலத் தரவுக் கோப்பு ஒன்று, தொடப்படாமல். திருத்தமெல்லாம் அதன் நகலில். ஒரு வரிசைக்கு ஓர் அளவீடு, தலைப்பிலேயே அலகு.

குறிப்பேட்டைப் பார்ப்பது சந்தேகப்படுவது ஆகாது. ஆனால் விலைக்கு ஆய்வேடு செய்து தரும் புராஜெக்ட் சென்டர்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஏஐ கருவி அரை நிமிடத்தில் முறையியல் அத்தியாயமே எழுதித் தரும். இரண்டுக்கும் எதிராக ஒரே காவல், வாரா வாரம் வளர்கிற குறிப்பேடும் அதைப் பற்றிய பேச்சும்தான். கடைசியில் மென்பொருளில் போட்டுப் பிடிப்பதால் யாரும் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையின் முழுப் பிரதியும் மாணவரின் கோப்புறையில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், இல்லாத கட்டுரையை ஏஐ உருவாக்கித் தருகிற சிக்கலும் தீரும். யூஜிசியின் 2018 கருத்துத்திருட்டு விதிகளில் ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை திருத்தித் தர வேண்டும். 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆனால் 9 சதவீதம் வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த ஒன்பதும் முடிவுரையின் ஒரே பக்கத்தில் இருந்தால் அது திருட்டுதான்.

வாசிப்பில் நாற்பது கட்டுரை கேட்காதீர்கள். மூன்று வாரத்தில் ஐந்து கட்டுரை போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கேள்வி என்ன, எப்படி அளந்தார்கள், எத்தனை மாதிரி, என்ன கிடைத்தது, இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்ன என்று ஐந்து கட்டத்தில் எழுத வேண்டும். முதல் கட்டுரையை உங்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கட்டும். கல்லூரியில் என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான மின்-இதழ், மின்-நூல் திட்டம்) சந்தா இருந்தால் மாணவருக்கும் கணக்கு வாங்கிக் கொடுங்கள். நூலகரிடம் கேட்டால் போதும், ஆனால் யாரும் கேட்பதில்லை.

எழுத்துதான் உங்களுக்கு மிகப் பெரிய சோதனை. மோசமான ஆங்கிலத்தில் 40 பக்கம் வரும். திருத்துவதைவிடத் தானே எழுதிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். எழுதிவிடாதீர்கள். நீங்கள் எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அந்த வாக்கியத்துக்கு அவரால் பொருள் சொல்ல முடியாது. மொத்தமாக வாங்குவதும் தவறு. முறையியலை அளவீடு நடக்கும் வாரத்திலேயே எழுத வேண்டும், அப்போதுதான் அளவுகள் நினைவில் இருக்கும். பிறகு படங்களும் அட்டவணைகளும், அதன்பின் முடிவுகள், கடைசியில்தான் முன்னுரையும் விவாதமும். முதல் பிரதியில் வாதத்தை மட்டும் பாருங்கள்: சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா, வரிசை சரியா. எழுத்துப்பிழையைத் தொடாதீர்கள், தொட்டால் மாணவர் பிழையை மட்டும் திருத்திவிட்டு வாதத்தை அப்படியே விடுவார். இரண்டாவது பிரதியில் பத்தி பத்தியாக. மூன்றாவதில் மொழி, அதுவும் ஒரு பக்கத்தை மட்டும் முழுக்கத் திருத்திக் கொடுத்து "மீதியை இதே மாதிரி நீ திருத்து" என்று சொல்லுங்கள். எந்தப் பிரதியையும் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துக் காப்பாற்றுங்கள். வழிகாட்டி மூன்று வாரம் பிரதியை மேசையில் வைத்திருந்துவிட்டு மாணவரைத் தாமதத்துக்குக் குறை சொல்வது அநியாயம்.

தமிழ் வழியில் பள்ளி முடித்து வந்தவருக்கு ஒரு வழி உண்டு. அந்தப் பத்தியில் என்ன சொல்ல வருகிறாய் என்று தமிழில் பேசச் சொல்லி அவர் போனிலேயே பதிவு செய்யுங்கள். வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதட்டும். எண்ணம் தெளிவாக இருப்பவர்கூட ஆங்கிலத்தில் யோசிக்க முயன்று குழம்புவதைத்தான் நாம் "விஷயம் புரியவில்லை" என்று தவறாக எடைபோட்டுவிடுகிறோம்.

எதிர்பார்த்த வித்தியாசம் வராவிட்டால்? பன்னிரண்டு ஜோடியிலும் ஒன்றும் இல்லை என்று வந்தால் மாணவர் உடைந்துபோவார், எண்ணை "சரிசெய்ய" ஆசை வரும். அந்த வாரம் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அளவீடு நம்பகமானது என்று லேப் சோதனை காட்டுகிறது, திட்டம் சரி. ஆகவே "இந்த ஏரியில், இந்தப் பருவத்தில், இந்த அளவு வித்தியாசம் இல்லை" என்பதே முடிவு. காற்று நீரைக் கலக்குகிறதா, படலங்கள் சிறியவையா என்று விவாதத்தில் எழுத நிறைய இருக்கிறது. துறைக் கூட்டத்தில் மதிப்பெண் பிரிக்கும்போதே, முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் மதிப்பெண் மாறாது என்று பதிவு செய்துகொள்ளுங்கள்; திட்டம், குறிப்பேடு, பகுப்பாய்வு, எழுத்து, வைவா ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண்.

ஐந்து பேரும் சேர்ந்து செய்யக்கூடியதைச் சேர்த்தே செய்யுங்கள்: குறிப்பேடு வைப்பது, கட்டுரை வாசிப்பது, வரைபடம் போடுவது எல்லாம் குழுவாக. மாதம் ஒரு முறை ஒருவர் மற்ற நால்வருக்கும் தன் வரைபடத்தை விளக்கட்டும். தனியாக நடக்க வேண்டியது அவரவர் தரவைப் பற்றிய பேச்சு மட்டும்தான். ஐந்தும் ஐந்து வேறு முறையாக இருந்தால் நீங்கள் தாங்க மாட்டீர்கள். முடிந்தால் மூன்று பேராவது ஒரே ஏரியில் வேறு வேறு கேள்வி எடுக்கட்டும். பயணமும் பாதுகாப்பும் எளிதாகும்.

பதிப்பிக்கச் சொல்லி நிர்வாகம் நெருக்கும். மாணவரின் காசில் பணம் வாங்கிப் போடும் இதழில் போடவிடாதீர்கள். யூஜிசி ஏற்ற இதழ்களின் 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டதால் இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது முழுக்க உங்களுடையது. நல்ல தரவு என்றால் அடுத்த வருட மாணவரின் தரவையும் சேர்த்து, மாணவர் பெயர் முன்னால் வர, நிதானமாக அனுப்பலாம்.

வைவாவுக்கு இரண்டு வாரம் முன்பு, வேறு துறை ஆசிரியர் ஒருவரை உட்காரவைத்து ஒரு ஒத்திகை நடத்துங்கள். நீங்கள் அறையில் இருக்கலாம், பேசக் கூடாது. ஏன் 30 சென்டிமீட்டர், ஏன் காலை நேரம், இந்த அட்டவணையில் நீ மிகக் குறைவாக நம்பும் எண் எது, ஏன் என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு மாணவர் தயங்காமல் விரலை ஓர் எண்ணின் மேல் வைத்து, "அன்றைக்கு இரண்டாவது பாட்டிலில் குமிழி இருந்தது சார், நோட்டில் எழுதியிருக்கிறேன்" என்றால், ஆய்வு அவருடையதுதான்.